பொய் முத்திரையில் ஒரு மெய்

உண்மையை உரைப்பதற்குப் பொய்யான முத்திரையைப் பயன்படுத்தலாமா? இக்கேள்வியை நீதிமன்றத்திலோ தத்துவ வகுப்பிலோ எழுப்பினால் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் அமெரிக்க நாட்டில், வீட்டை ஒட்டிய கராஜில், கை முழுதும் கிரீஸ் படிய நிற்கும் ஒரு மனிதனுக்கு முன் இக்கேள்வி வந்து நிற்கிறது என்றால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

1964-ஆம் ஆண்டில் போண்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் காரில், பெரிய கார்களுக்கென இருந்த 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. சிறிய உடல், பெரிய வலு, இளைஞன் எட்டிப் பிடிக்கக் கூடிய விலை. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. இவ்வகை வண்டிகளுக்கு 'மஸில் கார்' என்று பெயர். தசை வலுவே அவற்றின் பெருமை. அப்பெருமை பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970-இல் காற்று மாசுக்கெதிரான சட்டம் கடுமையாயிற்று. 1973-இல் எண்ணெய் முட்டுப்பாடு வந்தது. கொழுத்த வண்டிகள் கேட்பாரற்றுக் கொல்லையில் நின்றன. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அவற்றின் அடிப்பாகத்தைத் தின்றது.

அன்று அவ்வண்டியை வாங்க இயலாமல் ஏங்கிய இளைஞர்கள், தலை நரைத்த பிறகு அவற்றைத் தேடிப் புறப்பட்டனர். துருப்பிடித்த ஒரு வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்து, விடுமுறை நாள்களிலும் பனிக்கால இரவுகளிலும் ஆண்டுக்கணக்கில் பாடுபடுவது அங்கே பெருவழக்காயிற்று. டிக்கியின் அடித்தகடு அரித்துப் போயிருக்கும்; அதை அறுத்தெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் முன்னொருவர் அரை அங்குலப் பருமனுக்குப் பட்டி பூசி மறைத்திருப்பார். சுரண்டினால் உள்ளே சல்லடை. டிங்கர் வேலை தெரிந்தவர்கள் அறிவார்கள், ஒரு துளையை அடைக்கப் போய் நான்கு துளைகளைக் கண்டுபிடிப்பதே அத்தொழில். எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி வெளியே எடுத்து, ஒவ்வோர் ஆணியையும் பெயரெழுதிய டப்பாக்களில் போட்டு வைக்கிறார்கள். இதில் காட்டப்படும் பொறுமையை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம். பொழுதுபோக்கு என்ற சொல் இதற்குப் போதாது.

இங்கே பழைய கிரேக்கர்களின் கப்பற்கதையைச் சிலர் நினைவூட்டக் கூடும். தீசியஸின் கப்பலில் பலகை ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு எல்லாமே புதிதாகிவிட்டால் அது பழைய கப்பல்தானா என்று அவர்கள் வினவினர். கார் விஷயத்தில் இவ்வினா விளையாட்டாக நின்றுவிடவில்லை. 1969-ஆம் ஆண்டுக் கமேரோ வண்டியின் முழுக்கூடும் இன்று புதிதாகவே செய்து விற்கப்படுகிறது. அதனை வாங்கி, பழைய வண்டியின் அடையாள எண் தகட்டை அதில் அறைந்துவிட்டால், தகடு மட்டுமே பழையது. அமெரிக்கச் சட்டம் இதனைக் குற்றமாக வைத்திருக்கிறது. வாகன அடையாள எண்ணை அறிந்தே அகற்றுவோருக்கும் திருத்துவோருக்கும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழுதுபார்ப்பதற்கு இன்றியமையாது அகற்றுபவனை அச்சட்டமே விலக்கியும் வைத்திருக்கிறது. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு நிய்யத்து எளிதில் தெரிவதில்லை. கான்சாஸ் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டுக் கார்வெட் ஒன்றை 2017-இல் காவல்துறை பறிமுதல் செய்தது. முன்பு புதுப்பித்தபோது எண் தகடு கழற்றி மாட்டப்பட்டிருந்தது என்பதே காரணம். வாங்கியவர் ஒரு பாவமும் அறியாதவர். வழக்குப் பல ஆண்டுகள் இழுத்தது. 2022-இல் அம்மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

நாம் சொல்ல வந்தது இதனினும் நுட்பமான ஒன்று.

1970-ஆம் ஆண்டுச் செவெல் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மிக உயர்ந்த வகையில் 454 கன அங்குல எஞ்சின், 450 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. உடலோ சாதாரண மாலிபு வண்டியின் உடலே. அடையாள எண்ணைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. போண்டியாக் வண்டிகளுக்கு ஆலையின் பழைய கணக்குப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் விற்ற செவெல்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. எனவே இது எந்த வகை என்பதற்குச் சாட்சி எஞ்சினின் மேலேதான் இருக்கிறது. வலப்பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் விரலளவுத் திட்டு ஒன்று உண்டு. அதில் ஆலையின் எழுத்து, மாதம், நாள், வகைக்குறி ஆகியவை குத்தப்பட்டிருக்கும். டி என்பது நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, இறுதியில் சி.ஆர்.வி. என்றிருந்தால் அந்த 450 குதிரைத்திறன் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வகை. வண்டி எண்ணின் ஒரு பகுதியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எண்கள் ஒத்துப்போனால் வண்டிக்கு ஒரு விலை. ஒத்துப்போகாவிட்டால் வேறு விலை. இடையிலுள்ள தொகை ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய்.

இந்தத் திட்டில் ஒரு விபரீதம் உண்டு. அது ஹெட் உட்காரும் மேற்பரப்பின் தொடர்ச்சியே ஆகும். பழைய பிளாக் சூட்டினால் கோணிப் போயிருந்தால், பட்டறையில் கொடுத்து அம்மேற்பரப்பைச் சீவி மட்டப்படுத்த வேண்டும். இல்லாவிடில் காஸ்கெட் நிற்காது. சீவும்போது முத்திரையும் போய்விடும். எஞ்சின் நலம்பெறுகிறது, அதன் சாட்சி அழிகிறது. செய்தவன் மோசடிக்காரன் அல்லன். நல்ல தொழிலாளி செய்ய வேண்டியதையே செய்தான்.

இப்போது அவன் என்ன செய்வது? அழிந்த எழுத்துகளின் படம் அவனிடம் இருக்கிறது. அதே அளவுள்ள அச்சுகள் விலைக்குக் கிடைக்கின்றன. எது இருந்ததோ அதனையே மீண்டும் குத்தினால் யாரை ஏமாற்றினான்? எஞ்சின் அதே எஞ்சின். எண் அதே எண். இந்த வாதம் வலுவானது. இதனைப் பேசுவோர் கயவர்கள் என்று நாம் கருதவில்லை. நேர்மையுள்ளோர் பலரே இப்படிப் பேசுகின்றனர்.

ஆயினும் நமக்கு உடன்பாடில்லை. முத்திரை என்பது செய்தி மட்டும் அன்று. அது சாட்சியும் ஆகும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆலையில் நின்றவன் ஒருவன் தன் கையால் குத்தியது என்பதே அதன் மதிப்பு. பழைய பத்திரத்தில் பாட்டனாரின் கைநாட்டு மங்கிவிட்டது என்பதற்காகப் பேரன் தன் பெருவிரலை அதே இடத்தில் பதிக்கலாமா? நிலம் பாட்டனாருடையதுதான், பத்திரத்தில் உள்ளதும் உண்மைதான். எனினும் அந்தக் கைநாட்டு பொய்யே. 'நான் கண்டேன், இதுவே எண்' என்று அவன் தன் பெயரில் சொல்லட்டும்; அது கண்ணியமான சாட்சி. ஆலையின் குரலில் பேச அவனுக்கு யார் உரிமை தந்தது?

அப்படியானால் புதுப்பிக்கும் வேலை முழுவதுமே போலிதானே என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான மடக்கே. ஆலையில் அவசரத்தில் அடித்த பெயின்ட், ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரத்தது, ஓரங்களில் வழிந்தது. இன்றைய ஆர்வலர்களில் சிலர் அவ்வழிசலையும், பரிசோதகர்கள் சாக்குக்கட்டியால் கிறுக்கிய குறிகளையும்கூடத் திரும்பச் செய்கின்றனர். குறையையும் பிரதி செய்யும் இந்தப் பணிவு நமக்குப் பிடித்தே இருக்கிறது. அதில் பொய் இல்லை. புதிய பெயின்ட்டைப் பார்த்து ஐம்பதாண்டுப் பழையது என்று எவரும் நம்புவதில்லை. வண்டி தான் புதுப்பிக்கப்பட்டது என்பதைத் தானே அறிவித்துக்கொண்டு நிற்கிறது. முத்திரையோ அப்படி அறிவிப்பதில்லை. பழையது என்று நம்பப்படுவதற்காகவே அது குத்தப்படுகிறது. மேற்பரப்பில் ஆலைக் கருவி விட்டுச் சென்ற மெல்லிய கோடுகளைத் தேர்ந்தவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சோதிப்பார்கள் என்று தெரிந்து, அக்கோடுகளையும் போலியாக இழைக்கிறார்களே, அது எதற்காக?

பணம் எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1971-ஆம் ஆண்டில் ஹெமி எஞ்சினுடன் திறந்த கூரையுள்ள பிளிமத் குடா வண்டிகள் 12-க்கு மேல் செய்யப்படவில்லை. அவற்றில் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. புதுப்பிக்காமல் விட்டதன் மதிப்பைக் காட்டிய வண்டியும் ஒன்றுண்டு. 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஓடிய மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கி வீட்டு வேலைகளுக்கு ஓட்டிவந்தது. பின்னர் இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்களேயன்றி, உடலைத் தொடவில்லை. படப்பிடிப்பின்போது கேமராவைத் தாங்க அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. அழகு கருதி யாராவது அவற்றைத் தேய்த்து எடுத்திருந்தால், வண்டி மினுங்கியிருக்கும். தன் கதையை மெய்ப்பிக்க அதனிடம் ஒன்றும் இருந்திராது. 2020 ஜனவரியில், துருவும் நசுங்கலுமாக, 34 லட்சம் டாலருக்கு அது கேட்கப்பட்டது, தரகு தனி.

நம் கராஜ் மனிதன் இவ்வளவு பெரிய வியாபாரி அல்லன். 'நான் விற்கவே போவதில்லை, என் மனநிறைவுக்காகக் குத்திக்கொள்கிறேன்' என்பான். அவன் வாக்கை நாம் நம்புகிறோம். ஆனால் வண்டி அவனுக்குப் பின்னும் இருக்கும். மனைவி மக்கள் அதனை விற்பார்கள். அவர்களுக்கு உண்மை தெரியாது, தெரிந்ததை நம்பிச் சொல்வார்கள். வாங்குபவன் மற்றொருவனுக்கு விற்பான். மூன்றாவது கையில் ஒரு நிபுணன் உருப்பெருக்கியை வைத்து 'இது பின்னால் குத்தியது' என்பான். அந்நேரத்தில் எஞ்சின் மெய்யானது என்று சொல்ல எவர் இருப்பார்? போலி முத்திரையைக் கண்டவன் எஞ்சினையும் போலியென்றே தள்ளுவான். உண்மையைக் காப்பாற்றக் குத்திய எண்ணே உண்மையைக் கொன்றுவிடுகிறது. மாலிபு உடலில் பெரிய எஞ்சின் ஏற்றி 'இது நகல்' என்று சொல்லி விற்பவனுக்கும் இதே இடர்தான். சொன்ன சொல் அடுத்த கைக்குப் போவதில்லை, வண்டி போய்விடுகிறது.

திட்டை வெறுமையாக விட்டால் நட்டம் உண்டு. நாம் அதனை மறைக்கவில்லை. பத்தாண்டு உழைப்புக்குரிய விலை குறையும். அக்குறைவைச் சுமப்பது பெரும்பாலும் அவனல்லன், அவன் பிள்ளைகள். இதைச் சொல்லிவிட்டு அவனை நேர்மையாயிரு என்று எளிதாக ஏவிவிட நமக்கு நாவெழவில்லை. எண்ணை அமானிதம் என்று கருதுபவன் கையிலிருந்து கொடுத்தே அதனைக் காக்க வேண்டியிருக்கிறது.

அவன் செய்யக் கூடியவை சில உண்டு. சீவுவதற்கு முன் முத்திரையை அளவுகோலுடன் படமெடுக்கலாம். பட்டறைக்காரரிடம் நாளிட்ட ரசீது வாங்கலாம். சீவிய திட்டில் தன் பெயரெழுத்தையும் சீவிய ஆண்டையும் குத்தலாம். அது அவன் முத்திரை, அதற்கு அவனே பொறுப்பு. ஆலையில் வண்டி பூட்டும்போது, என்னென்ன பொருத்த வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்று வண்டியுடனேயே வரும். வேலை முடிந்ததும் தொழிலாளிகள் அதனைப் பெட்ரோல் டாங்கின் மேலோ இருக்கைச் சுருள்களுக்கிடையிலோ செருகிவிட்டுப் போவதுண்டு. ஐம்பதாண்டு கழித்து, எலி கடித்தது போக எஞ்சிய அத்தாளைக் கண்டெடுத்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். டாங்கை மீண்டும் மாட்டுமுன், செய்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட இன்னொரு தாளை அவனும் அங்கேயே வைக்கலாம்.