கொல்லாமல் அறிதல், பொய்யாமல் சொல்லுதல்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011-இல் மூடப்பட்டது. அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடிய தடம் இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமை வழியாக உருமாறிவருகிறது. ஈரமண்ணும் புதரும் உள்ள இத்தகைய இடங்களில் நடப்பவரின் கையில் ஒரு பெரிய ஈ உட்கார்ந்து சுருக்கென்று கடித்தால், அவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஓங்கி அடித்து, செத்த உடலை வைத்து அது என்ன ஈ என்று ஆராயலாம். இல்லையென்றால் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு அதைப் பறக்க விடலாம். சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் இதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது: ஓர் உயிரை அறிவதற்கு அதைக் கொல்லத்தான் வேண்டுமா? திருக்குறளின் கொல்லாமை அதிகாரம், அறங்களில் கொல்லாமையை முதலிலும் பொய்யாமையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. ஈயைப் படமெடுத்துப் பெயர் தேடுகிறவருக்கு இந்த இரண்டு அறங்களும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. கொல்லாமல் அறியலாம், ஆனால் அப்படி அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக்கூடாது என்பதே என் வாதம்.

குதிரை ஈ என்றும் மாட்டு ஈ என்றும் சொல்லப்படும், இப்படிக் கடிக்கும் பெரிய ஈக்களின் குடும்பத்தில் உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தெளிவான ஒரு படம் அவற்றைப் பற்றி நிறையவே சொல்லும். முகத்தை நேரே எடுத்த படத்தில் இரண்டு கண்களுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அது பெண்; கண்கள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண். கடிப்பது பெண் மட்டுமே, அதுவும் முட்டை வளர்ச்சிக்கான இரத்தத்துக்காக. ஆண், பூந்தேனோடு நின்றுவிடுகிறது. இறக்கையில் கறுத்த பட்டையும் நீண்ட உணர்கொம்பும் இருந்தால் கிரைசாப்ஸ் பேரினம் என்று ஊகிக்கலாம். உடல் பருத்து, உணர்கொம்பு குட்டையாகவும் இறக்கை பெரும்பாலும் தெளிவாகவும் இருந்தால் டபானஸ் பக்கம் போகலாம். உயிருள்ள ஈயின் கண்ணில் மின்னும் பச்சை, ஊதாப் பட்டைகள் அது செத்துக் காய்ந்ததும் மங்கி மறைந்துவிடும். ஊசியில் குத்திவைத்த உடல் இழந்துவிடும் அந்த அடையாளத்தைப் படம் காப்பாற்றிவிடுகிறது. கொன்றால்தான் முழுதாக அறியலாம் என்ற நம்பிக்கை இந்த ஓரிடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இருந்தாலும் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் டபானஸ் ஸ்ட்ரையேட்டஸ் என்ற ஒரே பெயரில் நெடுங்காலம் அழைக்கப்பட்டவை உண்மையில் ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள். 1981-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு அவற்றைப் பிரித்துக் காட்டியது. நெற்றிப்பட்டையின் அகலம், அதிலுள்ள சிறு தடிப்பின் வடிவம் போன்ற நுண்ணிய அடையாளங்கள் கைபேசிப் படத்தில் பெரும்பாலும் விழுவதில்லை. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அறிவைக் காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற அளவைகளால் ஆராய்கிறது. காட்சியிலும் ஐயமும் திரிபும் புகும் என்று எச்சரிக்கிறது. கண்ணிடைவெளியைப் பார்த்துப் பெண் என்பது காண்டலும் கருதலும் சேர்ந்த நேர்மையான முடிவு. மங்கலான படத்தைப் பார்த்து இனப்பெயரை அடித்துச் சொல்வது திரிபு. திரிபென்று தெரிந்தும் சொன்னால் அது பொய்.

இதற்கு எதிராக இரண்டு வலுவான கேள்விகள் எழும். முதலாவது, இந்த ஈ பரப்பும் நோய். குதிரை, ஒட்டகம், எருமை ஆகியவற்றைத் தாக்கும் சுர்ரா நோயின் கிருமியை 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கண்டறிந்தார். இந்த ஈ கத்திபோன்ற வாயுறுப்புகளால் தோலைக் கிழித்துக் கசியும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. வலி தாங்காத மாடு வாலால் விரட்ட, வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்த மாட்டுக்குப் போகிறது. நோயும் கூடவே போகிறது. சிங்கப்பூர்த் தமிழருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தஞ்சோங் பகாரை அடுத்த கிரேத்தா ஆயரில் ஒருகாலத்தில் மாட்டு வண்டிகள் தண்ணீர் சுமந்தன. தேக்காவின் எருமைத் தொழுவங்கள் பலருக்குப் பிழைப்பு தந்தன. ஒரு மந்தையைக் காப்பாற்ற, எந்த இனம் நோயைக் கடத்துகிறது என்று அறிய வேண்டியிருந்தால், பயிற்சி பெற்றவர் தேவையான அளவு ஈக்களைப் பிடித்து ஆராய்வது நியாயமே. அந்த நியாயம் நடைபயிற்சிக்கு வந்தவரின் வெறும் ஆர்வத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடிகிறதென்றால், யாரோ முன்பு கொன்று சேர்த்த உடல்களின் துணையால்தானே? 2015-இல் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. அத்தகைய சேகரிப்புகளை ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்ததே நமக்கு உரை அளவை. இந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் கடன்பட்டவரின் கடமை, பெற்ற அறிவை வீணாக்காமல் பயன்படுத்துவதே. தேவையில்லாமல் அதே கொலையைத் திரும்பச் செய்வதல்ல. கடிக்கிற பூச்சிக்கு இவ்வளவு இரக்கமா என்று கேட்பவர்கள், தும்பிக்கு நான்கு அறிவு என்று தொல்காப்பியம் வகுத்ததை நினைத்துப் பார்க்கலாம். சின்ன உயிரையும் அறிவுடையதாக எண்ணிய மரபு நம்முடையது. கடிக்க வந்ததைத் தட்டிவிடுவது தற்காப்பு. பெயர் தெரிந்துகொள்ளக் கொல்வது வேறு.

ஆகவே படமெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகம் நேரே ஒன்று, உணர்கொம்பு தெரியப் பக்கவாட்டில் ஒன்று, இறக்கை விரிந்து தெரிய மேலிருந்து ஒன்று என எடுங்கள். பேரினம்வரைதான் தெரிகிறதென்றால் அதோடு நிறுத்துங்கள். 'டபானஸ், பெண், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் குறையொன்றும் இல்லை. கொல்லாமையும் பொய்யாமையும் ஒருசேரக் காக்கப்படும் விடை அதுதான்.