நாலாவது மாத்திரை

ஆழ்வார்பேட்டையில், டி.டி.கே. சாலையை ஒட்டிய ஒரு மருந்துக்கடை. மாலை ஏழு மணி. எனக்கு முன்னால் ஓர் அம்மாவும், பள்ளிச் சீருடை மாற்றாத அவர் பையனும். பத்துப் பதினொரு வயது இருக்கும். கடைக்காரர் சீட்டிலிருந்த பெயர்களை வாய்விட்டுச் சொல்லியபடி அட்டைகளை எடுத்து வைத்தார். மெத்தில்ஃபெனிடேட், குளோனிடின், ரிஸ்பெரிடோன். நாலாவதைத் தேடிய கை வெறுமனே திரும்பியது.

“ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஸ்டாக் இல்ல மேடம். நாளைக்கு வந்துரும். இன்னைக்கு ஒரு நாள் தம்பிக்கு மூணு போதுமா?”

அம்மா யோசிப்பதற்குள் பையன் சொன்னான்: “நாலாவது எனக்கு இல்ல அங்கிள். அது மூணாவது மாத்திரைக்கு.”

“சும்மா இருடா கண்ணா” என்றார் அம்மா, அதட்டாமல். வேறு கடையில் பார்ப்பதாகச் சொல்லி அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரமாகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

அவன் சொன்னது சரி. ரிஸ்பெரிடோன் அடங்காத கோபத்துக்குத் தரப்படுவது; ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் எரிச்சலுக்கு அதை 2006-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சிலருக்கு அது பசியைக் கிளப்பி எடையை ஏற்றும். சிலருக்குத் தசை இறுகும், கை நடுங்கும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் நாலாவது. நாலாவதோ வாயை உலர்த்தும், ஞாபகத்தை மங்கச் செய்யவும் கூடும். முதல் மாத்திரை கவனம் நிலைப்பதற்கு. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது உறைத்தது. மெத்தில்ஃபெனிடேட் சில பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். அதற்காக இரவில் குளோனிடின் தருவதுண்டு. அப்படியென்றால் இரண்டாவது முதலாவதுக்கா? நாலில் எத்தனைதான் அவனுக்கு?

அந்தப் பையனுக்கு என்ன சிரமம் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா எத்தனை இரவு விழித்திருந்தார் என்றும் தெரியாது. கவுன்ட்டரில் நின்று எண்ணிக்கை போடுவது சுலபம்.

மயிலாப்பூரில் எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. சித்தப்பா அதில் இருந்தார். வெளியே பூட்டு. சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாகப் பாட்டி உள்ளே தள்ளுவாள். தெருப் பிள்ளைகள் ‘கீழ்ப்பாக்கம்’ என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஒருமுறை அவர்களோடு சேர்ந்து நானும் கத்தியிருக்கிறேன். பிறகு அவரை அந்தக் கீழ்ப்பாக்கத்துக்கே, 1794-இல் தொடங்கிய அந்தப் பழைய மனநல மருத்துவமனைக்கே, அழைத்துப் போனார்கள். மாத்திரையோடு திரும்பி வந்தார். பூட்டு போயிற்று. திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்கு அவரைக்காய் நறுக்கிக் கொடுத்தார். ஆகவே மாத்திரை என்றாலே விஷம் என்று பேசுபவர்களோடு என்னால் சேர முடியாது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய செய்தியைப் படித்தபோது அந்தப் பூட்டுதான் கண்முன் வந்தது.

ஆனால் சித்தப்பாவின் கை நடுங்கும். காப்பி டம்ளர் தளும்பிச் சட்டையில் கொட்டும். அதனால் பாட்டி அவருக்கு மட்டும் எப்போதும் அரை டம்ளர்தான் ஊற்றுவாள். மீதி அரையை அவர் குடித்து முடித்த பிறகு ஊற்றுவாள். அது வியாதியின் நடுக்கம் என்றே நாங்கள் நினைத்தோம். மருந்தின் நடுக்கமாக இருந்திருக்கலாம் என்பது இப்போது, அந்தப் பையனால், தோன்றுகிறது. அவருக்கும் யாராவது ஒரு நாலாவது மாத்திரை எழுதியிருந்தால் முழு டம்ளர் குடித்திருப்பாரோ என்னவோ. இந்த இடத்தில்தான் என் வாதம் கையை விட்டு நழுவுகிறது.

எப்போதோ படித்த ஒன்று. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலிக்கு உதவுமா என்று தன் விடுதிப் பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை; பலருக்குப் பாடத்தில் மனம் நின்றது. பிறகு 30 பிள்ளைகளுக்கு ஒரே வாரம் கொடுத்து, அதற்கு முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் கவனித்து எழுதினார். பிள்ளைகள் அதற்குத் தாங்களாகவே வைத்த பெயர்தான் எனக்கு மறக்கவில்லை: ‘கணக்கு மாத்திரை’. எது எதற்கு என்று விழுங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மருந்து, ஒரு வாரம், முன்னும் பின்னும் பார்க்க ஒரு ஆள். நாலையும் சேர்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு எந்த வாரம் முந்தினது, எந்த வாரம் பிந்தினது?

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை தர வேண்டுமானால், காப்பாளரின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். நாலாவது மாத்திரைக்கு ஒரு கையெழுத்து போதும். அதற்கும் ஒரு வாரியம் வை என்று கேட்க மாட்டேன். ஏற்கெனவே காத்துக் கிடக்கும் வீடுகள் இன்னும் காத்துக் கிடக்கும். கேட்க நினைப்பது சின்ன விஷயம். ஒரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு ஒரு நாள் இருந்ததே, அதை எடுக்கலாமா என்று பார்ப்பதற்கும் ஒரு நாளை அதே சீட்டில் குறிக்க முடியாதா? எடுப்பதும் லேசில்லை. குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். மருத்துவர் கூடவே இருந்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

நேற்றும் அந்தக் கடைக்குப் போனேன். நாலாவது வந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்தேன்.

அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். பெரியவருக்குத் தெரியாததைத் தனக்குத் தெரியும் என்ற பெருமையில் சொன்னானா, அல்லது வேறொருவர் கணக்கைத் தான் விழுங்க வேண்டியிருக்கிறதே என்று சொன்னானா? வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. குரல் மட்டும் ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி.