குடிக்காதவன் ஈரல்

எங்கள் தாமானில் ஒரு லாரிக்காரர் இருக்கிறார். பட்டர்வொர்த்துக்கும் கெடாவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவர். பீர் வாசனைகூட ஆகாது. செவ்வாய், வெள்ளி சைவம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. கொஞ்ச நாளில் சிறுநீரில் புரதம் போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"மிஸ்ஸி, குடிக்கிறவனுக்குத்தானே ஈரல் கெடும்? எனக்கு எதுக்கு? சரி, ஈரல்தான் கெட்டுச்சு, கிட்னி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அருகில் இருந்த பெரியவர் ஒருவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "போன ஜென்மத்து வினை தம்பி. அனுபவிச்சுத்தான் தீரணும்."

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவள். ஞாயிறு காலையில் கெப்பாலா பத்தாஸில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் பெரியவரின் பேச்சை மூடநம்பிக்கை என்று உதறிவிட என்னால் முடியாது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையின் மூன்று வகைகளையும் நானே பாடம் நடத்துகிறவள். வினை உண்டா இல்லையா என்பது இங்கே என் கேள்வி இல்லை. அடுத்தவர் நோயைப் பார்த்து "இது உன் வினை" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? கிடையாது என்கிறேன்.

லாரிக்காரர் கேட்டதற்கு உடம்பு ஒரு பதில் வைத்திருக்கிறது. அதிகப்படியான சர்க்கரையையும் மாவையும் ஈரல் கொழுப்பாக்கித் தன்னிடமே சேர்த்துவைக்கிறது. கொழுப்பு மண்டிய ஈரலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கெட்ட கொழுப்பு ஏறும், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் கலக்கும். இனிப்புப் பானத்திலுள்ள ஃபிரக்டோஸை ஈரல் உடைக்கும்போது யூரிக் அமிலம் உண்டாகும். ரத்த அழுத்தமும் கூடவே வரும். அத்தனையும் போய் இடிப்பது சிறுநீரகத்தில். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். அவை முதலில் அளவுக்கு மீறி உழைக்கும். நாளாக ஆகப் பழுதாகி ஆல்புமின் என்ற புரதத்தைக் கசியவிடும். வலிக்காது. கால் வீங்கிய பிறகுதான் பல பேர் வருவார்கள்.

12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கி 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 1.4 மடங்கு என்று காட்டியது. அப்போதும் ஈரல்தான் குற்றவாளி என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்லவில்லை. நீரிழிவு, உடல்பருமன், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் இரண்டு உறுப்புகளையும் சேர்த்தே தாக்குகின்றன. எது எதைக் கெடுத்தது என்று பிரிப்பது சுலபமில்லை. இத்தனை லட்சம் பேரைப் பார்த்தவர்களுக்கே இவ்வளவு தயக்கம். சோபாவில் உட்கார்ந்து ஒரே ஆளைப் பார்த்த பெரியவருக்கோ போன பிறவிக் கணக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது!

கணக்கு என்றால் எல்லாவற்றையும்தான் எழுத வேண்டும். ஈரலில் கொழுப்பு சேர இடம்கொடுக்கும் மரபணு மாற்றம் ஒன்றை 2008-இல் கண்டுபிடித்தார்கள். அது பெற்றோர் வழியாக வருவது. மலேசியாவில் 2013 அக்டோபர் வரை சர்க்கரைக்கு அரசாங்கமே மானியம் கொடுத்தது. இனிப்புப் பானத்துக்கு வரி வந்தது 2019 ஜூலையில்தான். லாரிக்காரர் விடியற்காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுகிறார் என்றால், அந்த நேரத்தில் திறந்திருப்பது அவை விற்கும் கடைதான். தைப்பூசத்தன்று பந்தலுக்குப் பந்தல் ரோஸ் சிரப்பை நீட்டுகிறோம். வேண்டாம் என்றால் முகம் சுளிக்கிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 30 விழுக்காட்டுக்கும் மேல். இவ்வளவு பேரும் போன பிறவியில் சேர்ந்து போய் ஒரே பாவத்தைச் செய்தார்களா?

நம் நாயன்மார்கள் இப்படிப் பேசவில்லை. அப்பர் சூலை நோயில் துடித்தபோது, தான் செய்த பிழையை நினைத்து அழுதார். அது அவர் உடம்பு, அவர் வலி, அவர் சொல்லலாம். அக்கா திலகவதியார் குத்திக்காட்டவில்லை. சமயம் மாறிப் போன தம்பியை, திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் என்ன செய்தார்? இந்த மண்ணின் இயல்பே அதுவானாலும் நம்மைத் தொடக்கூடாது என்று திருநீலகண்டப் பதிகம் பாடி, சுரத்தை விரட்டினார் என்கிறது பெரியபுராணம். வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களை அந்தப் பதிகம் விடுவதில்லை. சைவம் படித்த ஒருவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று "அனுபவி" என்று சொன்னால், அவர் பாதிதான் படித்திருக்கிறார்.

பழைய வினை யாருடையது என்பது சிவனுக்குத் தெரியட்டும். இனிமேல் செய்கிற வினை நம் கையில் இருக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக இறங்கும். ஸ்கேனில் ஈரல் கொழுப்பு என்று வந்தவர்கள் அதோடு நிறுத்தாமல், சிறுநீரில் ஆல்புமினையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். கோயில் தலைவர்களுக்கும் பந்தல் போடும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பூசத்துக்குச் சிரப்பை விட்டுவிட்டு மோரும் வெறும் தண்ணீரும் வையுங்கள்.