பரலோகத்தில் துண்டு போட்டவர்கள்

அரக்கோணத்துக்காரர்களுக்கு இடம் பிடிக்கும் வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் சென்னைக்குப் போகும் மின்சார ரயில் நடைமேடையில் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டோ, சாப்பாட்டுப் பையோ, சில நேரம் வெறும் கைக்குட்டையோ இருக்கையில் போய் விழும். கேட்டால் 'ஆள் வருது' என்பார்கள். ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணிக் கூட்டமும் சேர்ந்துவிட்டால் துண்டுக்கும் மரியாதை கிடையாது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலே இந்த வழியாகத்தான் போனது. வித்தைக்கும் அவ்வளவு வயது இருக்கும்.

செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் போட்டது இதே துண்டைத்தான். இயேசு தம் ராஜ்யத்தில் அமரும்போது ஒருவருக்கு வலப்பக்கம், இன்னொருவருக்கு இடப்பக்கம் வேண்டுமாம். மாற்குவின் சுவிசேஷத்தில் அவர்களே கேட்கிறார்கள். மத்தேயுவில் அம்மா வந்து கேட்கிறாள். (பிள்ளைகளுக்குச் சீட்டு கேட்டு அம்மா வருவது நமக்கு ஒன்றும் புதிதல்ல.) மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்தது. கேட்டது தப்பு என்றா, முந்திக்கொண்டார்களே என்றா? இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

மத்தேயுவின் அதே 20-ஆம் அதிகாரம் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையோடுதான் தொடங்குகிறது. விடியற்காலையில் இறங்கி வெயிலில் வெந்தவனுக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் ஒரே கூலி. இரட்சிப்பு சம்பாத்தியம் அல்ல, கிருபை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. சில வசனங்கள் தள்ளி, அம்மா சீட்டு கேட்டு வந்து நிற்கிறாள்!

அப்படியானால் ஒழுங்காக வாழ்ந்ததற்கு மதிப்பே இல்லையா? உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது இது: அஸ்திபாரம் கிறிஸ்து, அதன்மேல் ஒருவன் பொன்னால் கட்டுவான், ஒருவன் வைக்கோலால் கட்டுவான், நெருப்பு இரண்டையும் சோதிக்கும். வைக்கோல்காரனின் வீடு சாம்பலாகிவிடும். ஆள் மட்டும் நெருப்புக்குள்ளிருந்து ஓடி வந்தவனைப் போல் பிழைத்துக்கொள்வான். மோட்சத்தில் அவரவர் புண்ணியத்துக்கேற்ப இறைக்காட்சியில் கூடுதல் குறைவு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபை 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தில் அறிக்கையிட்டது. புண்ணியம் என்ற பேச்சே லூத்தர் வழியில் வந்தவர்களுக்கு ஒத்துவராது. கடைசியில் இரு தரப்பாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையால்; நற்கிரியைகள் அதன் கனி. பிரிந்தவர்கள் இதைச் சேர்ந்து சொல்ல நானூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இயேசுவோ யாக்கோபுக்கும் யோவானுக்கும் சீட்டுக் கணக்கு சொல்லவே இல்லை. தாம் குடிக்கப்போகும் பாத்திரத்தில் குடிக்க அவர்களால் ஆகுமா என்று திருப்பிக் கேட்டார். இடம் ஒதுக்குவது பிதாவின் பாடு என்று விட்டுவிட்டார். கடைசியில் சிலுவையில் அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இருந்தவர்கள் இரண்டு கள்ளர்கள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் செபெதேயு மக்களின் தாயும் ஒருத்தி என்று மத்தேயு எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்துச் சபைகளில் தகராறே அந்தப் பாத்திரத்தில் வந்தது. கோவிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதும் நற்கருணைக்குத் தனித்தனியாகப் போவதும் இனிக் கூடாது என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பாத்திரத்தை விட்டார்கள், வரிசையை விடவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு மோதிரக்காரன் வந்தால் நல்ல இடம், கந்தைக்காரன் வந்தால் காலடி என்று உட்காரவைப்பதை யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் நேராகப் பாவக் கணக்கில் எழுதுகிறது. அதை ஞாயிறுதோறும் வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய கத்தோலிக்கக் கோவில் இருந்தது. நடுவே இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் படுத்திருப்பவர்கள் உயிர்த்தெழுதலை நம்பிக் கண் மூடியவர்கள். எக்காளம் ஊதி எழுப்பும் நாளிலும் யார் எந்தப் பக்கம் என்று தேவதூதர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.