நன்றி யாருக்கு?

இரவு பதினொரு மணிக்கு ஒருவரிடம் தேநீர் கேட்பது ஒழுக்கம் சார்ந்த பிரச்சினையாகுமா? கப்பலில் ஏறும்வரை நானும் இப்படியொரு கேள்வியை யோசித்ததில்லை.

2024 இன் கடைசியில், சிங்கப்பூரில் தொழில் பார்க்கும் மருமகனின் செலவில், குடும்பத்தோடு உல்லாசக் கப்பலொன்றில் மூன்று இரவுகள் பயணம் செய்தேன். மெரினா பே துறையில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு சென்று, மீண்டும் சிங்கப்பூர். மாடிக்கு மேல் மாடியாக ஓர் ஊரே மிதப்பது போலிருந்தது. பேரப்பிள்ளைகள் நீச்சல் தடாகத்தை விட்டு ஏறவேயில்லை. மனைவிக்கு, அடுப்படிப் பக்கம் போகாமல் மூன்று நாள் கழிந்ததே பெரிய உல்லாசம். எனக்கும் மகிழ்ச்சிதான். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

புறப்படுமுன் ஊரில் ஒரு நண்பர் கேட்டார்: “சூதும் குடியும் உள்ள கப்பல்ல போறது கூடுமா?” நியாயமான கேள்வி. ஆனால் அவை வாசலில் பெயர்ப்பலகை தொங்கும் பாவங்கள். பலகையைப் பார்த்து விலகி நடக்கலாம், நடந்தோம். பயணிக்குரிய சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். கடலில் கப்பல்கள் செல்வதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகவே குர்ஆன் சொல்கிறது. மேல்தளத்தில் நின்று இரவுக் கடலைப் பார்த்தபோது ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நாவு தானாகவே சொன்னது. பெயர்ப்பலகை இல்லாத கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் அறையைக் கவனித்தவர் இந்தோனேசியாவின் லொம்பொக் தீவைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். நான் தொழுது எழும்பியதைக் கண்டு ஸலாம் சொன்னார். அதிலிருந்து சிநேகம். எட்டு மாத ஒப்பந்தம். அது முடியும்வரை ஊருக்குப் போக முடியாது. இளைய பிள்ளை பிறந்து நான்கு மாதம். கைபேசியில் மட்டுமே பார்த்திருக்கிறார். நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள தளத்தில், சாளரம் இல்லாத அறையொன்றில், இன்னொருவரோடு தங்குகிறார். காலையில் எங்கள் கட்டிலைச் சீர்செய்தவரே இரவில் துவாய் மாற்றவும் வந்தார். “ஜும்ஆ?” என்று கேட்டேன். சிரித்தார்.

கடற்றொழிலாளர் பற்றிய 2006 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை 2013 இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வை அளவாகக் கொண்டால், ஏழு நாட்களில் ஆகக் குறைந்தது 77 மணித்தியாலங்கள் ஓய்வு வேண்டும் என்கிறது அது. 168 இலிருந்து 77 ஐக் கழித்தால் 91. அதாவது ஒருவரிடம் கிழமைக்கு 91 மணித்தியாலம் வேலை வாங்கினாலும் இந்த எல்லை மீறப்படுவதில்லை. போதாக்குறைக்கு, பல உல்லாசக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. பயணி ஒரு நாட்டவர், உழைப்பவர் இன்னொரு நாட்டவர், சட்டம் மூன்றாவது நாட்டினது.

இராச்சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். மகள் சொன்னாள்: “சும்மாவா வேல செய்றாங்க வாப்பா? சம்பளம் எடுக்காங்கதானே. நாம வராட்டி அந்த வேலையும் இல்ல.”

பிழை சொல்ல முடியாத வாதம். அந்த வேலை இல்லாமல் போவதை அவரும் விரும்பமாட்டார். சேவைக் கட்டணமென்று ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தொகை எங்கள் கணக்கிலும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில்தான் கேட்டேன். 1984 இல் ராத்தா தனது இரண்டு வயதுப் பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனார். நான்கு வருடம். அவர் அனுப்பிய காசில் வீட்டுக்கு ஓடு போட்டோம். நான் ஆசிரிய கலாசாலைக்குப் போனேன். அந்தப் பிள்ளை எங்கள் உம்மாவைத்தான் ‘உம்மா’ என்று கூப்பிட்டது. யாராவது பரிதாபப்பட்டால் வாப்பா சொல்வார்: “சும்மாவா போயிருக்காள்? சம்பளம் எடுக்காள்தானே.”

ஊழியர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் அமர்த்தி உண்ணச் செய்யுமாறும், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புஹாரியில் உண்டு. வகுப்பிலே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த ஹதீஸ். அதற்கு அவர்கள் கூறிய காரணத்தை நான் கவனித்ததில்லை. அவர் ஏழை என்பதல்ல காரணம். கூலி போதாது என்பதுமல்ல. சமையலின் வெப்பத்தையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர் என்பதே காரணம். ஆக, கூலியைக் கொடுத்து முடித்த பின்னரும் அந்த வெப்பம் பாக்கி நிற்கிறது. அதைத் தீர்க்கக் காசைச் சொல்லவில்லை. பக்கத்தில் ஓர் இடத்தைத்தான் சொன்னார்கள்.

இரண்டாம் நாளிரவு பதினொரு மணிக்கு அவர் தேநீர் கொண்டுவந்தபோது, உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கும்படி சொன்னேன். ஓரடி பின்வாங்கினார். கண் வாசல் பக்கம் போனது. பயணிகளின் அறையில் உட்கார்ந்தால் தன் வேலை போய்விடும் என்றார். நான் ஹதீஸின்படி நடக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கஹ்ஃப் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களோடு சென்ற நல்லடியார் பழுதாக்கிய கப்பல், கடலில் உழைத்த ஏழைகளுக்கே சொந்தமானது. கப்பல்களை அபகரித்துக்கொண்டிருந்த அரசனிடமிருந்து அவர்களது பிழைப்பைக் காக்கவே அப்படிச் செய்தார். பார்வைக்குத் தீங்கு, உள்ளே நன்மை. என்னுடையதோ பார்வைக்கு நன்மை.

மறுநாள் பினாங்கில் இறங்கிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதோம். அங்கு குடியேறிய தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் காலத்தில், 1801 இல் உருவான பள்ளி. கடல் கடந்த நம்மவரைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறோம். எழுதும்போது வணிகரின் பெயர் வருகிறது. அவரைக் கொண்டுபோன மரக்கலத்தில் பாய் இழுத்தவர்களின் பெயர் வருவதில்லை. நமது கடல் வரலாறும் மேல்தளத்தில் நின்று எழுதியதுதான்.

இதனால் பயணமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அனுபவித்தது நிஃமத், அதை மறுப்பதும் நன்றிகேடு. ஆனால் மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்று நபிமொழி சொல்கிறது. சம்பளம் கொடுத்தாயிற்று என்பதோடு கணக்கை மூடிவிடுகிறவர்களுக்கு அந்த நன்றி வாய்ப்பதில்லை. கணக்கு முடியவில்லை என்ற நினைவு இருந்தால்தான், 77 மணித்தியாலம் போதுமா என்று கேட்கத் தோன்றும்; அவரது பிள்ளையின் பெயரைக் கேட்கத் தோன்றும்; பதினொரு மணிக்குத் தேநீர் தேவைதானா என்றும் தோன்றும். மூன்றாம் இரவு நான் தேநீர் கேட்கவில்லை. அது பெரிய காரியமல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்ததும் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். பிளேன்டி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழமைபோல் நிலையோடு சாய்ந்து நின்றார்.

“ராத்தா, குவைத்துல நீங்க ராச்சோறு எத்தின மணிக்குத் திம்பீங்க?”

நாற்பது வருடமாக நான் கேட்காத கேள்வி. சற்று நேரம் என்னையே பார்த்தார்.

“அவங்கெல்லாம் திண்டு, கோப்ப கழுவி முடிஞ்சாப் பொறகுதான். சில நாளைக்குப் பன்ரெண்டு மணியும் ஆகும். ஏன் தம்பி, இப்ப கேக்காய்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. உட்காருங்க ராத்தா என்றேன்.