அந்நியர் மேசையில் விருந்தாளியின் கடமை

வீடு தேடி வந்த அந்நியனை உபசரிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், அந்நியனாகப் போகிறவனுக்கும் கடமை உண்டு என்று சொல்லிக் கொடுக்கிறோமா? அன்பான வாசகரே, இன்று அதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஸ்பெயின் நாட்டிலே சலமான்கா என்றொரு நகர் உண்டு. 1218ஆம் ஆண்டில் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இன்றும் நடைபெறுகிறது. வெளிநாட்டு மாணவன் ஒருவன் அங்கு படிக்க வந்திருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தவரின் வீட்டில் அறை எடுத்து, சாப்பாட்டுக்கும் பணம் கட்டியிருக்கிறான். காலையில் பால் கோப்பியும் வாட்டிய பாணும் கிடைக்கின்றன. நண்பகல் ஆனதும் பசிக்கிறது. மேசையோ வெறுமையாக இருக்கிறது. மதிய உணவு இரண்டு மணிக்குப் பின்னர்தான். இரவுணவு ஒன்பது மணிக்கும் பிந்தி விடும். “ஒழுங்கில்லாத மக்கள்!” என்று முதல் வாரத்திலேயே அவன் தீர்ப்பு எழுதி விடுகிறான்.

அவசரப்படக் கூடாது. 1940ஆம் ஆண்டில் ஸ்பெயின் தனது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, மத்திய ஐரோப்பிய நேரத்தை ஏற்றது. கோடையில் இன்னுமொரு மணித்தியாலம் கூடுகிறது. சலமான்காவோ கிறீனிச்சுக்கும் மேற்கே இருக்கிறது. ஆகவே, அங்கே கடிகாரம் இரண்டு அடிக்கும்போது சூரியன் உச்சியை ஒட்டியே நிற்கும். அவர்கள் நண்பகலில்தான் உண்கிறார்கள்! அறியாத வழக்கத்தைக் குற்றமென்று சொல்வது எவ்வளவு எளிது பார்த்தீர்களா?

இனி உணவு. அவரைப் பருப்பு வகைகளின் கூழ், உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் பொரித்த தடித்த அடை, பன்றித் தொடை இறைச்சி, எப்பொழுதும் பாண். அதை அவர்கள் ‘பான்’ என்பர். போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்த சொல்லுக்கு அது உறவு. எல்லாவற்றையும் அவன் உண்ண வேண்டுமா? மனச்சாட்சி தடுப்பது வேறு, நாக்கு மறுப்பது வேறு. மதத்தின் பொருட்டோ விரதத்தின் பொருட்டோ ஒன்றை விலக்குகிறவன், வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லலாம். ஆனால், வெறும் பழக்கத்துக்கு மனச்சாட்சி என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

இன்னொன்றும் உண்டு. உண்டு முடிந்த பின்னும் அங்குள்ளோர் மேசையை விட்டு எழுவதில்லை, இருந்து பேசுகிறார்கள். அதற்கு ‘சொப்ரெமேசா’ என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். நம் மாணவனோ பத்து நிமிடத்தில் உண்டுவிட்டு, புத்தகத்தை நினைத்து எழுந்து போகிறான். பணம் கட்டியவன், அது அவன் உரிமை. ஆனாலும், சமைத்தவளின் முகம் வாடுகிறது. அவள் எதிர்பார்த்தது பணத்தை மட்டுமா?

இதே நகரில் 1526 முதல் கற்பித்த சாமிநாதர் சபைக் குருவாகிய பிரான்சிஸ்கோ டி விற்றோரியா, 1539ஆம் ஆண்டில் பெரியதொரு கேள்வியை எழுப்பினார். அமெரிக்க மண்ணில் ஸ்பானியருக்கு என்ன உரிமை? அம்மண்ணின் மெய்யான உடைமையாளர் அங்குள்ள மக்களே என்றார். அந்நியர் அங்கே பயணம் செய்யலாம், தங்கலாம். ஆனால் அம்மக்களுக்குத் தீங்கு செய்யலாகாது என்றார். அவ்வுரிமையைத் தடுத்தால் போரும் நியாயமாகலாம் என்று அவர் சேர்த்துச் சொன்னது பிற்காலத்தில் கண்டிக்கப்பட்டது. நிபந்தனையை விட்டு உரிமையை மாத்திரம் பற்றிக் கொள்கிறவன் விருந்தாளியாக நுழைந்து எசமானாகி விடுவான்; வரலாறு இதற்குச் சாட்சி.

நாடு பிடிப்பதும் சோறு உண்பதும் ஒன்றா என்று கேட்பீர்கள். அளவில் ஒன்றல்ல, மனப்பாங்கில் ஒன்றுதான். “எனக்கு உரியதைத் தா” என்று மட்டும் கேட்கிறவன் எந்த மேசையிலும் அந்நியனாகவே இருப்பான். கொடுப்பது புண்ணியம் என்று அறிவோம்; பணிவோடு பெற்றுக்கொள்வதும் புண்ணியமே. அந்த மாணவன் நாளைக்கு இன்னும் அரை மணித்தியாலம் மேசையில் இருக்கட்டும். பேச மொழி வராவிட்டாலும் கேட்டுக் கொண்டிருக்கட்டும். அவன் அந்த வீட்டாருக்குக் கொடுக்கக் கூடிய முதற் கொடை அதுவே.