மெய்யும் மெய்நிகரும்

நூல் பயில்வோன் ஒரே பக்கத்தைப் பன்முறை புரட்டலாம். அகழாய்வாளனுக்கு அப்பேறு இல்லை. மண்ணடுக்கு ஒன்றைப் படிக்க வேண்டுமாயின் அதனை அவன் அகற்றியே ஆகவேண்டும்; படித்த பக்கம் படித்த கணமே அழிகிறது. அதனாலன்றோ அளவும் வரைபடமும் நிழற்படமும் அத்துறையில் உயிரெனப் போற்றப்படுகின்றன!

இக்குறைக்கு அறிவியல் இன்று ஒரு மருந்து கண்டுள்ளது. கண்களை மூடிய கருவியொன்றை அணிந்தால், கணிப்பொறி வரைந்த குழியினுள் நாமே நிற்பதாகத் தோன்றும். துருக்கி நாட்டுச் சாத்தல்ஹொயுக்கில், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆய்வாளர் ஒவ்வோர் அடுக்கையும் முப்பரிமாணத்தில் பதிந்தனர். அகற்றிய மண்ணை மாணவர் மீண்டும் அகழ்ந்து பார்க்க வழி பிறந்தது. இணையவழிப் பல்கலைக்கழகப் பாடம் பயில்வோர்க்கு இது பெருங்கொடை. உலகத் தமிழர்க்கெனத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தோன்றிய நாள்முதல் நாம் விழைந்ததும் இதுவே. ஹூக்ளிக் கரையில் வளரும் நம் பிள்ளை, வைகைக் கரையின் கீழடியை வீட்டிலிருந்தே காணலாம்.

ஆயின் ஓர் அறவினா எழுகிறது. கிடைக்காததைக் கிடைத்தது போலக் காட்டுதல் தகுமா?

கீழடியில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. அவ்வூரின் தொன்மை கி.மு. 6ஆம் நூற்றாண்டைத் தொடுகிறது எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. ஆனால் அச்சுவர் எத்துணை உயர்ந்து நின்றது, வாயிலில் நின்றவள் என்ன நிறத்தில் உடுத்தாள் என்பவற்றை மண் உரைக்கவில்லை. எழுத்தாளன் 'இருந்திருக்கலாம்' என்று எழுதி நகரலாம். காட்சிக்கு அச்சொல் இல்லை. அங்கே சுவர் ஏதேனும் ஓர் உயரத்தில் நின்றே ஆகவேண்டும்.

கீழடியை அடுத்த கொந்தகையின் மண்டையோடுகள் இரண்டிற்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறி வழி முகம் அமைத்தனர். 2025இல் அவை வெளியாயின. முகத்தின் வடிவை எலும்பு பெரிதும் உரைக்கும்; தோலின் நிறத்தை உரைக்காது. அந்நிறம் அமைத்தோர் தேர்ந்தது. காண்போர் நெஞ்சிலோ இரண்டும் ஒன்றாகவே பதிகின்றன.

இதற்கு நல்வழி நம் நகரிலேயே உண்டு. 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்ட பார்குத் தூபியின் கல்வேலித் தூண்களும் வாயிலும் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவை சூழ்ந்திருந்த தூபி அங்கில்லை. அவ்வெற்றிடத்தை எவரும் புதிய செங்கல்லால் நிரப்பவில்லை. காண்போன் தன் சிந்தையால் நிரப்புகிறான், நிரப்புவது தானே என்றும் அறிகிறான். உடைந்த பானையை ஒட்டுவோரும் இழந்த பகுதியை வேறு நிறச் சுதையால் அடைப்பர். பழையது எது, புதியது எது என்று கண்ணே சொல்லிவிடும்.

மெய்நிகர்க் காட்சிக்கும் இந்நெறியே வேண்டும். சான்று எது, கருதுகோள் எது எனத் தெளிவுறுத்துக என 2009இல் செப்பமுற்ற லண்டன் சாசனம் கூறுவதும் இதனையே. கிடைத்த சுவர் ஒரு நிறத்திலும் கருதிய சுவர் வேறு நிறத்திலும் தோன்றட்டும். காட்சியின் அழகு சற்றே குன்றலாம்; கல்வி குன்றாது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இஃது இன்னும் பெரிது. ஊரில் வாழும் பிள்ளை ஐயம் தோன்றின் அம்மண்ணையே சென்று காண்பான். நம் பிள்ளைக்கோ நாம் காட்டும் காட்சியே ஊர். பெருமிதத்தால் நாம் நிரப்பிய ஒன்று நாளை பொய்யென்று தெரிந்தால், உடன் காட்டிய மெய்யையும் அவன் ஐயுறுவான். 'இது கிடைத்தது, இது நம் கருத்து, இது தெரியவில்லை' என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்போம். தமிழின் தொன்மைக்கு ஒப்பனை வேண்டா. மெய்நிகர் என்பது மெய்க்கு நிகரே அன்றி மெய் அன்று என்பதைச் சொல்லே நமக்கு உணர்த்துகிறது.